உலகத்தில் அரிசி இருந்தும் விலை ஏறியது எப்படி? 2008, 2023: கணக்கோடு பேசுவோம்

#1 மரக்கால்

உணவு விலை என்று பேச்செடுத்தாலே "விளைச்சல் குறைந்தது, விலை ஏறியது" என்று முடித்துவிடுகிறோம். அரிசிக்கு அது பொருந்தவில்லை. 2007-08இல் உலக நெல் விளைச்சல் அதுவரை காணாத அளவு. அதே பருவத்தில்தான் டன் 350 டாலரை ஒட்டி இருந்த தாய்லாந்து அரிசி ஆறேழு மாதத்தில் 1,000 டாலரைத் தொட்டது.

2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் (எஃப்.ஏ.ஓ.) அரிசி விலைக் குறியீடு ஒரே மாதத்தில் 9.8% ஏறி 142.4ஐ எட்டியது. அதுவரையான 15 ஆண்டுகளில் அதுதான் உச்சம். ஆனால் அதே மாதம் எல்லா உணவுப் பொருள்களையும் சேர்த்த குறியீடு 121.4க்கு இறங்கியிருந்தது. கோதுமை, மக்காச்சோளம், சமையல் எண்ணெய் எல்லாம் இறங்கும்போது அரிசி எதிர்த்திசையில் ஏறியிருக்கிறது.

ஏன் ஏறியது, யார் வயிற்றில் அடித்தது, இந்த விலைகளைச் சரியாகப் படிப்பது எப்படி? இந்த மூன்றையும் இங்கே பேசலாம். எண்களைச் சொல்லும்போது எந்த ரகம், எந்தத் துறைமுகம், எந்த நாணயம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

#2 கப்பல்துறை

முதல் காரணம் சந்தையின் அளவு. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 52 கோடி டன் அரிசி விளைகிறது. நாடு விட்டு நாடு போவது அதில் ஐந்து, ஐந்தரைக் கோடி டன்தான், அதாவது பத்தில் ஒரு பங்கு. கோதுமையில் நாலில் ஒரு பங்கு கடல் தாண்டுகிறது. அரிசியை விளைவிக்கும் நாடுகளே பெரும்பாலும் தின்றுவிடுகின்றன, மிச்சம்தான் கப்பலேறுகிறது.

அந்த மிச்சத்தில் 2022இல் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 40%, இரண்டே கால் கோடி டன்னை ஒட்டி. அடுத்து வரும் தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் மூன்றையும் கூட்டினால்தான் இந்தியாவுக்குப் பக்கத்தில் வரும். ஒரே கடை மூடினால் தெருவே அலைமோதும் நிலை இது.

2008இல் நடந்த வரிசையைப் பாருங்கள். 2007இல் உலகக் கோதுமை விலை ஏறியது. கோதுமையை அந்த விலைக்கு இறக்குமதி செய்து ரேஷனை நிரப்ப இந்தியாவுக்கு மனமில்லை, அதனால் அரிசியைப் பிடித்து வைக்க முடிவு செய்தார்கள். அக்டோபரில் பாசுமதி அல்லாத அரிசிக்குத் தடை வந்தது. பிறகு அதைக் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையாக மாற்றி, அந்த விலையைப் படிப்படியாக உயர்த்தி, 2008 ஏப்ரலில் மீண்டும் முழுத் தடை போட்டார்கள். வியட்நாம் புதிய ஒப்பந்தங்களை நிறுத்தியது. எகிப்தும் கதவை மூடியது.

அன்றைக்கு மிகப் பெரிய இறக்குமதியாளர் பிலிப்பைன்ஸ். அந்த அரசின் உணவு ஆணையம் லட்சக்கணக்கான டன்னுக்குப் பகிரங்க ஒப்பந்தப்புள்ளி கேட்டது. எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்துவிட்டு, விற்பவர் குறைந்த நேரத்தில் வாங்கப் போனார்கள். ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியும் அடுத்ததன் விலையை ஏற்றிவிட்டது, கடைசியில் வந்தவை 1,000 டாலரைத் தாண்டின. ஒப்பந்தப்புள்ளியை நான்கைந்தாகப் பிரித்து, சத்தமில்லாமல் அரசுக்கு அரசு பேசி வாங்கியிருந்தால் அந்த உச்சம் வந்தே இருக்காது என்பது என் உறுதியான கருத்து.

விலை இறங்கிய விதமும் கவனிக்க வேண்டியது. உலக வர்த்தக உடன்பாட்டின்படி வேண்டாவிட்டாலும் வாங்கியாக வேண்டிய வெளிநாட்டு அரிசி ஜப்பான் கிடங்குகளில் சுமார் 15 லட்சம் டன் இருந்தது. 2008 மே மாதம், அதிலிருந்து பிலிப்பைன்ஸுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கப்பல் கிளம்புவதற்கு முன்பே விலை சரியத் தொடங்கிவிட்டது. ஏற்றியதும் பயம், இறக்கியதும் அந்தப் பயம் விலகியது.

#3 வன்னிமண்

கப்பல்துறை சொல்றது சரி. ஆனால் ஊக வணிகத்தை விட்டுவிட்டீங்களே? சிகாகோ தானியச் சந்தையில் பெரிய முதலீட்டு நிதியங்கள் விளையாடினதால்தான் 2008 வந்தது எண்டு நிறைய எழுதியிருக்கினம்.

#4 கப்பல்துறை

கோதுமை, மக்காச்சோளம், சோயாவுக்கு அந்த விவாதம் பொருந்தும். அரிசிக்கு மிகக் குறைவு. சிகாகோவில் அரிசிக்கும் முன்பேர ஒப்பந்தம் (பின்னாளில் கொடுக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது) உண்டு. ஒன்று 2,000 அமெரிக்க ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 91 டன். அதுவும் உமி நீக்காத அமெரிக்க நீள நெல். நடக்கும் வணிகம் சிறியது. ஆசியாவில் அரிசி பெரும்பாலும் தரகர் வழியாக, தனித்தனியாகப் பேசி விற்கப்படுகிறது.

இதில் ஒரு கெடுதல் இருக்கிறது. எல்லோரும் பார்க்கும்படி நிமிடத்துக்கு நிமிடம் விலை தெரியும் சந்தை இல்லாததால், இன்றைய உண்மை விலை என்ன என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்கிறது. நிதியங்களை விட, "அடுத்த வாரம் இன்னும் ஏறும்" என்று மூட்டையை வெளியே விடாத ஆலைக்காரர், வணிகர், இரண்டு மாத அரிசியைச் சேர்த்து வாங்கிய குடும்பம், இவர்கள் எல்லோருமே 2008இன் ஊக வணிகர்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்துக் கோடிப் பேர் ஆளுக்கு ஐந்து கிலோ கூடுதலாக வாங்கினால் ஐந்து லட்சம் டன் சந்தையிலிருந்து மறைந்துவிடும்.

(கோதுமை விலையைச் சிகாகோவில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது ஒரு புஷலுக்கு (அமெரிக்கத் தானிய அளவு) இத்தனை சென்ட் என்று இருக்கும். கோதுமைக்கும் சோயாவுக்கும் டன்னுக்கு 36.74 புஷல், மக்காச்சோளத்துக்கு 39.37. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கி ஒப்பிட்டுத் தவறான முடிவுக்கு வருகிறவர்கள் ஏராளம்.)

#5 நெல்லரவை

2023ஐப் பேசுமுன் ரகங்களைப் பிரித்துக்கொள்வோம். "அரிசிக்குத் தடை" என்று எழுதியவர்களில் பாதிப் பேர் எந்த அரிசி என்று பார்க்கவில்லை.

2022 செப்டம்பர்: நொய் ஏற்றுமதிக்குத் தடை, பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு 20% தீர்வை.
2023 ஜூலை 20: பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு முழுத் தடை.
2023 ஆகஸ்ட் 25: புழுங்கலரிசிக்கு 20% தீர்வை. அடுத்த ஓரிரு நாளில் பாசுமதிக்கு டன் 1,200 டாலர் தரை விலை (அதற்குக் கீழே ஏற்றுமதி கூடாது). அக்டோபரில் அதை 950 ஆக்கினார்கள்.

ஜூலை 20க்குப் பிறகு அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் ஆளுக்கு ஒரு மூட்டை என்று கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். சோனா மசூரி போன்ற பச்சரிசிக்கு அது நியாயம். பொன்னி புழுங்கலும் இட்லி அரிசியும் தடைக்குள் வரவே இல்லை. ஆனாலும் அந்த அலமாரிகளும் கூடவே காலியாயின.

அடுத்தது கள்ளத்தனம். பச்சரிசியைப் புழுங்கல் என்றும் பாசுமதி என்றும் சுங்கக் குறியீடு மாற்றி அனுப்பத் தொடங்கினார்கள். பாசுமதிக்கு 1,200 டாலர் தரை விலை வைத்ததன் காரணம் அதுதான்: அந்த விலை போட்டு யாரும் சாதாரணப் பச்சரிசியை பாசுமதி என்று அனுப்ப மாட்டார்கள். ஆனால் 900, 1,000 டாலருக்குப் போகும் உண்மையான பாசுமதியும் அதில் மாட்டிக்கொண்டது. விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் போராடித்தான் அதைக் குறைக்க வைத்தார்கள்.

நொய்த் தடையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்திய உணவுக் கழகக் கணக்கில் 100 கிலோ நெல் அரைத்தால் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ வர வேண்டும். மீதி உமி, தவிடு. அந்த அரிசியிலும் உடைசல் பச்சரிசிக்கு 25% வரை, புழுங்கலுக்கு 16% வரை ஏற்பார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மாவுச்சத்து இளகி, மணியிலிருந்த வெடிப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் புழுங்கல் குறைவாக உடைகிறது.

ஏற்றுமதிக்கு "5%" (உடைசல் 5%தான் இருக்கலாம்) என்று கேட்டால் இந்த உடைசலைச் சலித்து எடுத்தாக வேண்டும். அந்த நொய் எங்கே போகிறது? உள்நாட்டில் கோழித் தீவனம், எத்தனால். வெளிநாட்டில் சீனா அதைத் தீவனத்துக்கு வாங்கியது. செனகல் மனிதர்கள் சாப்பிட வாங்கியது. 2022இல் உள்நாட்டு நொய் விலை கிலோ ₹16இலிருந்து ₹22க்கு ஏறியதைத்தான் தடைக்குக் காரணமாக அரசு காட்டியது. செனகலின் தேசிய உணவான தியெபுஜென் நொய்யில்தான் செய்வார்கள், அவர்களுக்கு முழு அரிசி மாற்று ஆகாது. கோழிப் பண்ணையும் டக்கார் நகரத்துச் சமையலறையும் ஒரே மூட்டைக்குப் போட்டியிட்டன.

#6 மரக்கால்

அருமை. ஜூலை 20 அறிவிப்பு வந்தபோது கடலில் நின்ற கப்பல்களுக்கு என்ன ஆனது?

#7 கப்பல்துறை

அறிவிப்பிலேயே விதிவிலக்கு இருந்தது. ஏற்றத் தொடங்கிவிட்ட கப்பல், ஏற்றுமதிப் பட்டியல் தாக்கலாகித் துறைமுகத்துக்கு வந்து சுழற்சி எண் (கப்பல் வருகைக்கான பதிவு எண்) வாங்கிவிட்ட கப்பல், சுங்கத்திடம் ஏற்கெனவே ஒப்படைத்த சரக்கு – இவை போகலாம். மற்றவை நின்றுவிட்டன.

காக்கிநாடாவை நினைத்துப் பாருங்கள். பாசுமதி அல்லாத அரிசிக்கு அதுதான் பெரிய துறை. அங்கே நங்கூர நிலையில் கப்பல் வெளியே நிற்க, படகில் மூட்டையைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். மழை தூறினாலே பொதியறையை மூடியாக வேண்டும், ஈரம் பட்டால் சரக்கு கெட்டுவிடும். ஜூலை, ஆகஸ்ட் என்பது மழைக்காலம். 30,000 டன் ஏற்ற வாரக்கணக்கில் ஆகும். ஏற்றுமதிப் பட்டியல் தாக்கலாகாமல் முறைக்குக் காத்து நிற்கும்போது தடை விழுந்தால், நாள்தோறும் கப்பல் காத்திருப்புக் கட்டணம் ஓடும். அதை யார் கட்டுவது என்பதில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சண்டை. விற்றவர் "அரசு ஆணை, என் கையில் இல்லை" என்பார். ஒப்பந்தத்தில் தடை பற்றிய விதி தெளிவாக இல்லாவிட்டால் வழக்கு லண்டன் நடுவர் மன்றம் வரை போகும். ஆப்பிரிக்க வணிகர்கள் அடுத்த முறை இந்தியாவிடம் வாங்கும்போது இந்த இடர்ப்பாட்டுக்கும் சேர்த்தே விலை பேசுவார்கள்.

#8 கிள்ளான்வாசி

மலேசியாவில் நடந்தது தனிப் பாடம். உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அன்று அரசு விலை கிலோ 2.60 ரிங்கிட், 10 கிலோ பை 26 ரிங்கிட். இறக்குமதி அரிசிக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. இறக்குமதி உரிமை பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம். 2023 செப்டம்பர் 1 முதல் இறக்குமதி வெள்ளை அரிசியை டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200க்கு ஏற்றினார்கள், 36%.

அதுவரை இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் இரண்டு வகையும் விற்றன. இடைவெளி திறந்ததும் உணவகங்கள் முதல் வீடுகள் வரை எல்லோரும் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். உள்ளூர் விளைச்சலோ தேவையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தாங்கும். சில வாரங்களில் 26 ரிங்கிட் பை கடைகளில் காணாமல் போனது. உள்ளூர் அரிசியை இறக்குமதிப் பையில் மாற்றிப் போட்டு விற்கிறார்கள் என்ற புகார்கள் குவிந்தன. கிலோவுக்கு 60 சென்னுக்கு (0.60 ரிங்கிட்) மேல் லாபம் கிடைக்கும்போது பையை மாற்றுவது எத்தனை பேருக்குத் தோன்றாது?

ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால் மலிவான பக்கம் காலியாகும். இறக்குமதி விலை ஏறிய அன்றே, உள்ளூர் விலையை அசைப்பதா, இல்லை வறிய குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதா என்று முடிவெடுத்திருக்க வேண்டும்.

#9 வன்னிமண்

உலக விலை ஏறாமலே உள்ளூர் விலை இரண்டு மடங்காகுமா எண்டு கேட்டால், ஆகும். நாணயம் சரிந்தால் போதும். ஒரு மாதிரிக் கணக்கு போடுறன், எண்கள் உதாரணத்துக்கு:

ஏற்றுமதித் துறைமுக விலை டன் 500 டாலர். கப்பல் கட்டணம் 50, காப்புறுதி 3. வந்து சேரும் விலை 553. அதில் 15% தீர்வை 83. துறைமுகம், இறக்குகூலி, லொறி, வங்கி வட்டி எல்லாம் 44. மொத்தம் 680 டாலர்.

இப்ப துறைமுக விலை 30% ஏறி 650 ஆனால்? 650 + 50 + 4 = 704. தீர்வை 106. மற்றச் செலவு 44. மொத்தம் 854. கிடங்கு வாசலில் ஏற்றம் 30% இல்லை, 26%. விழுக்காட்டில் தீர்வை போடுகிற நாட்டில் விலை ஏறும்போது அரசின் வரியும் சேர்ந்து ஏறுது (83இலிருந்து 106) எண்டதைக் கவனியுங்கோ. கிலோவுக்கு இவ்வளவு எண்டு நிலையான வரி இருந்தால் அந்தக் கூடுதல் சுமை வராது.

அடுத்தது நாணயம். அதே 680 டாலரை, டாலர் 200 இலங்கை ரூபாயாக இருக்கேக்க பெருக்கினால் கிலோ 136. டாலர் 360 ஆனால் கிலோ 245. உலக விலை ஒரு சதம்கூட அசையேல்லை, உள்ளூரில் 80% ஏற்றம். இலங்கையில் 2022 மார்ச் தொடங்கி மே வரை ரூபாய் போன பாதை இதுதான். அதுக்கு மேல, 2021 ஏப்ரலில் போட்ட இரசாயன உரத் தடை. நவம்பரில் நீக்கினாலும் பெரும்போக விதைப்புக்கு உரம் காலத்தோடை வந்து சேரேல்லை. நெல் விளைச்சல் பலமாய் அடிபட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் குறியீட்டில் உணவுப் பணவீக்கம் 94.9%. அந்த நேரம் எஃப்.ஏ.ஓ. மொத்த உணவுக் குறியீடு மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்தது. டாலர் விலையை மட்டும் பார்த்து "நெருக்கடி முடிஞ்சுது" எண்டு எழுதினவைக்கு எங்கட சந்தை தெரியாது.

#10 பசிக்கணக்கு

விலையிலிருந்து பசிக்கு வருவோம். வருமானத்தில் 60% சாப்பாட்டுக்கும், அதில் பாதி அரிசிக்கும் செலவழிக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு மட்டும் வருமானத்தில் 30%. அரிசி 30% ஏறினால் வருமானத்தில் 9% கைவிட்டுப் போகிறது. அந்தக் குடும்பம் அரிசியைக் குறைக்காது. முட்டை, மீன், பருப்பு, பால், காய் என்ற வரிசையில் வெட்டும். வயிறு நிறையும், தட்டு வெள்ளையாகிவிடும். கலோரிக் கணக்கில் இந்தக் குடும்பம் "பசித்தவர்" பட்டியலில் வராமலே போகலாம். ஆனால் கர்ப்பிணிக்கும் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும் விலை ஏறியிருந்த அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

இங்கே பல அளவுகோல்கள் கலக்கின்றன. ஐ.நா. அறிக்கையில் 2024க்குச் சொன்ன 67 கோடி என்பது நாள்பட்ட ஊட்டக் குறைவு, அதுவும் மதிப்பீடு. கடுமையான உணவு நெருக்கடி என்று தனியாகச் சொன்ன 29.5 கோடி, 53 நாடுகளில் உடனடி உதவி வேண்டியவர்கள். இரண்டையும் கூட்டக் கூடாது, ஒன்றோடொன்று ஒப்பிடவும் கூடாது.

"பஞ்சம்" என்ற சொல்லுக்கும் வரையறை உண்டு. ஐந்து படிநிலைகளில் கடைசி அது. ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு அறவே இல்லாத நிலை, குழந்தைகளில் 30% பேருக்குக் கடும் மெலிவு, நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு இரண்டு சாவு – இந்த அளவுகள் எட்டினால்தான் அறிவிப்பார்கள். அறிவிப்பு வரும்போது நிறையப் பேர் செத்திருப்பார்கள். மூன்றாம், நான்காம் படியிலேயே பணமும் தானியமும் போய்ச் சேர வேண்டும் என்று உதவி அமைப்புகள் கத்துவது அதற்காகத்தான்.

விலை நேரடியாக அரசியலை உடைத்ததற்கு ஹெய்த்தி சான்று. 1995இல் அரிசித் தீர்வையை 3% ஆகக் குறைத்தார்கள். மலிவான அமெரிக்க அரிசி உள்ளூர் நெல்லைத் தள்ளிவிட்டது. 2008 ஏப்ரலில் விலை ஏறியபோது திரும்பிப் பார்க்க உள்ளூர் நெல் போதுமான அளவு இல்லை. கலவரம் வெடித்தது, செனட் பிரதமர் அலெக்ஸியை நீக்கியது.

#11 நெல்லரவை

எல்லாம் சரி, ஆனால் இந்தியாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. 2023 ஜூலையில் உள்நாட்டுச் சில்லறை விலை ஓராண்டில் 11.5% ஏறியிருந்தது. எல் நினோவால் மழை குறையும் என்ற எச்சரிக்கை இருந்தது. எண்பது கோடிப் பேருக்கு ரேஷன் கொடுக்கும் அரசு முதலில் தன் மக்களைப் பார்க்காமல் என்ன செய்யும்?

#12 கப்பல்துறை

தன் மக்களைப் பார்க்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கருவியைக் கொண்டு என்பதுதான் கேள்வி. அன்று அரசுக் கிடங்கில் அரிசி, கையிருப்பில் இருந்தாக வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கு வெகு மேலே இருந்தது. ஜூலை 1க்கான அந்தக் குறைந்தபட்ச அளவு 1.35 கோடி டன். அந்த மிகுதியை வெளிச்சந்தையில் விட முயன்றார்கள். கிலோ ₹31 என்று வைத்த ஏல விலை ஆலைகளுக்குக் கட்டுப்படியாகாததால் அரிசியை எடுக்க ஆளில்லை. விலையை முதலிலேயே குறைத்திருக்கலாம். ஏற்கெனவே இருந்த 20% தீர்வையை முன்னறிவிப்போடு 30, 40 என்று ஏற்றியிருந்தாலும் ஏற்றுமதி குறைந்திருக்கும், கதவு மூடியது என்ற பீதி மட்டும் வந்திருக்காது.

தடைக்குப் பிறகு நாடு நாடாக ஒதுக்கீடு கொடுத்தார்கள்: சிங்கப்பூருக்கு 50,000 டன், பூட்டானுக்கு 79,000, மொரீஷியஸுக்கு 14,000, அக்டோபரில் பிலிப்பைன்ஸுக்கு 2.95 லட்சம், மலேசியாவுக்கு 1.70 லட்சம். நல்ல எண்ணம்தான். ஆனால் தூதரகம் வழியாகக் கேட்கத் தெரிந்த அரசுகளுக்கே அது உதவியது. மேற்கு ஆப்பிரிக்காவில் அரிசி வாங்குவது பெரும்பாலும் தனியார் வணிகர்கள்.

விவசாயி பக்கமும் ஒன்று உண்டு. தடை, உள்ளூர்க் கொள்முதல் விலைக்கு மேல் நெல் போகக்கூடிய நேரத்தில் அந்த வாய்ப்பை வெட்டிவிடுகிறது.

#13 நெல்லரவை

ஏல விலை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கிலோ ₹31க்கு எடுத்து, மறுபடி சலித்து, நிறம் மாறிய மணியைப் பிரித்து, பை மாற்றினால் சந்தை விலையைத் தாண்டிவிடும். ஏலத்துக்கு வந்த அரிசியில் உடைசல் 25% வரை இருக்கும் என்பதையும் விலை வைத்தவர்கள் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

#14 கிள்ளான்வாசி

அதன் பிறகு நிலைமை தலைகீழானது. 2024 செப்டம்பர் 28 அன்று இந்தியா பச்சரிசித் தடையை 490 டாலர் தரை விலையோடு நீக்கியது, அக்டோபரில் தரை விலையும் புழுங்கல் தீர்வையும் போயின, 2025 மார்ச்சில் நொய்யும் திறந்தது. 2025இல் ஆசிய அரிசி 400 டாலருக்குக் கீழே வந்தது. செப்டம்பர் 1 முதல் பிலிப்பைன்ஸ் தன் விவசாயிகளைக் காக்க இறக்குமதியையே தற்காலிகமாக நிறுத்தியது. அடுத்த ஏற்றம் வருமுன் தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது?

#15 கப்பல்துறை

தாய்லாந்து ஏற்றுமதியாளர் சங்கத்தின் வாராந்தர விலையில் 5%, புழுங்கல், நொய் மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். 5% அரிசிக்கும் நொய்க்கும் உள்ள இடைவெளி சுருங்கினால் ஏழை நாடுகளோ தீவனக்காரர்களோ கூடுதலாக வாங்குகிறார்கள் என்று பொருளாக இருக்கலாம். எஃப்.ஏ.ஓ. மாதக் குறியீட்டில் மொத்தத்தை விட்டுவிட்டு அரிசி வரியைத் தேடுங்கள். மொத்தத்தில் பெரும்பங்கு இறைச்சிக்கும் தானியங்களுக்கும் போவதால் அரிசியின் அசைவு அதில் கரைந்துவிடும். அமெரிக்க வேளாண்துறை மாத அறிக்கையின் உலக அரிசி இருப்பில் பாதிக்கு மேல் சீனாவினுடையது, அது சந்தைக்கு வராது. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் இந்திய உணவுக் கழகத்தின் மாத இருப்புப் பட்டியல். இந்தியா கதவை மூடுமா என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. அதில் அரிசி ஒரு பத்தியிலும், இன்னும் அரைக்காத நெல் வேறு பத்தியிலும் இருக்கும். நெல்லை 0.67ஆல் பெருக்கி அரிசியோடு கூட்டுங்கள். குறுவை, கரீப் கொள்முதல் நடக்கும் மாதங்களில் அந்த நெல் பத்தியை விட்டுவிட்டுப் படித்தால் கிடங்கு காலியாவதுபோலத் தெரியும்.